நிற்காத சக்கரமும் ஒரு வேலைக்காரியும்

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் இருக்கிறதா? காலால் ஓர் உந்து உந்திவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்து கொண்டு வாருங்கள். அதற்குள் அது ஓய்ந்து போயிருக்கும். ஒரு தடவை உந்தினால் ஆயுசு பூராவும் ஆடும் ஊஞ்சல் இருந்தால்? இந்த ஆசை பெரிய மூளைகளையெல்லாம் ஆட்டி வைத்திருக்கிறது. நம் பாஸ்கராச்சாரியாரே 12-ஆம் நூற்றாண்டில், ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பிய, தானாகச் சுழலும் சக்கரம் ஒன்றை வர்ணித்திருக்கிறார்.

ஜெர்மனியில் பெஸ்லர் என்ற ஆசாமி அப்படி ஒன்றைச் செய்தே விட்டதாகச் சொன்னார். ஹெஸ்ஸெ-காஸல் சமஸ்தானத்தை ஆண்ட கார்ல் பிரபு தம் மாளிகையில் அவருக்கு இடம் கொடுத்தார். சக்கரத்தின் விட்டம் 12 அடி. உள்ளே இருப்பது தெரியாதபடி துணி போர்த்தியிருந்தது. 1717 நவம்பரில் அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், சுற்றிக்கொண்டிருந்தது! மறுபடியும் பூட்டி, 1718 ஜனவரி 4-ஆம் தேதி திறந்தார்கள். அப்போதும் சுற்றியது!

1721-இல் ஸ்கிராவசாண்டே என்ற டச்சுப் பேராசிரியர் வந்து அச்சைப் பரிசோதித்தார். ரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று பெஸ்லருக்கு மகா கோபம். தம் சக்கரத்தைத் தாமே உடைத்துப் போட்டார்!

இது நடக்கக் கூடியதுதானா? உள்ளங்கைகளைச் சற்றுத் தேய்த்துப் பாருங்கள், சுடுகிறதல்லவா? சுழலும் அச்சும் இப்படித்தான் உராய்ந்து, தன் சக்தியைக் கொஞ்சங் கொஞ்சமாக உஷ்ணமாக்கி இழக்கிறது. உராய்வே இல்லாவிட்டாலும், அந்தச் சக்கரத்தைக் கொண்டு மாவு அரைக்கத் தொடங்கினால் வேகம் குறைந்துகொண்டே போகும். போட்ட சக்திக்கு மேல் எந்த யந்திரமும் தராது. மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் 1840-களில் இதைத் தெளிவாக்கினார்கள். பெஸ்லர் காலத்தில் அந்த விதி வகுக்கப்படவில்லை.

ஆனால் 1727-இல் ஒருத்தி வாய் திறந்தாள். அவர் வீட்டு வேலைக்காரி. எஜமானர், எஜமானியம்மாள், எஜமானரின் சகோதரர், தான் என்று முறைபோட்டுக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து அந்தச் சக்கரத்தைச் சுற்றியதாக வாக்குமூலம் கொடுத்தாள். பூட்டிய அறையில் அது எப்படி முடிந்தது என்று இன்று சோதித்துப் பார்க்கலாம் என்றால், சக்கரம்தான் இல்லையே! ஆனாலும், யாரோ உழைக்காமல் அது சுற்றியிருக்க முடியாது என்பது நிச்சயம். கைப்பிடியைப் பிடித்த கைக்கு அது தெரிந்திருக்கும்.

பேராசிரியரோ அதை லட்சியமே செய்யவில்லை. யந்திரத்தைப் பற்றி ஒரு வேலைக்காரிக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி.