பழைய பிக்கப் வண்டியின் எஞ்சின் ஓசை

பராமரிப்புக் குறிப்பேடு இல்லாத பழைய பிக்கப் வண்டி களப்பணிக்கு வருமாயின், அதன் எஞ்சின் ஓசையே முதற் சான்றாகும்.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்போது, வால்வுகளை இயக்கும் காம் தண்டு ஒருமுறையே சுழல்கிறது. நிமிடத்திற்கு 900 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் 450 முறை திறக்கும். ஆகவே, எஞ்சின் சுழற்சிக்குப் பாதி வேகத்தில், மேற்பகுதியில் கேட்கும் மெல்லிய 'டிக் டிக்' ஒலி பெரும்பாலும் வால்வு இடைவெளி மிகுந்திருப்பதைக் குறிக்கும். அடிப்பகுதியில் எழுந்து, பாரம் கூடுந்தோறும் வலுக்கும் கனத்த ஓசை பேரிங் தேய்வின் அறிகுறியாகும். நீண்ட மரக்கோலின் ஒரு முனையை எஞ்சின்மீதும், மறுமுனையைக் காதருகிலும் வைத்தால் ஓசையின் இடம் புலப்படும். சுழலும் விசிறியையும் பெல்ட்டையும் கோல் அணுகலாகாது.

ஓசையில் ஐயம் தோன்றின் எஞ்சினை நிறுத்திச் சமதரையில் எண்ணெய் அளவைக் காண வேண்டும். எண்ணெய்ப் படலம் அறுந்தால் பேரிங் விரைவில் அழியும். எண்ணெய் நிறைந்திருந்தும் கனத்த ஓசை நீடித்தால், வண்டியை ஓட்டாது இழுத்துச் செல்வதே சிக்கனமாகும்.

பின்னர் எண்ணெய், வடிகட்டி, குளிர்விக்கும் திரவம், பிரேக் திரவம் ஆகியவற்றை மாற்றி, அன்றைய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் புதிய குறிப்பேட்டில் பதிதல் வேண்டும்.