விமானத்தில் பை வந்து சேரவில்லையா? மலையேற்றத்துக்குச் செல்வோர் செய்ய வேண்டியவை என்ன?

மும்பை: விமானம் தரையிறங்கி, சுழலும் பட்டையில் கடைசிப் பையும் எடுக்கப்பட்டுவிட்ட பிறகு, தன் பை மட்டும் வராமல் நிற்கும் பயணிக்கு முதலில் தேவைப்படுவது ஓர் ஆவணம். மறுநாள் அதிகாலை சஹ்யாத்ரி மலைக்குப் புறப்பட வேண்டியவருக்கு இது இன்னும் முக்கியம். காலணி, மழைச்சட்டை, உறங்கும் பை ஆகிய அனைத்தும் அந்த ஒரே பையில் இருக்கக்கூடும். குழுவோ அவருக்காகக் காத்திருக்காது.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, நாடு முழுவதும் ஏராளமான பயணிகள் தங்கள் உடைமைகளைப் பிரிய நேர்ந்தது. அவற்றைக் கண்டறிந்து 48 மணி நேரத்துக்குள் உரியவர்களிடம் சேர்க்குமாறு விமானப் போக்குவரத்து அமைச்சகம் அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அதுபோன்ற நெருக்கடி இல்லாத நாள்களிலும் பைகள் தவறுவது உண்டு. விமானத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சீட்டாவின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பைகள் தாமதமாயின, சேதமடைந்தன அல்லது தொலைந்தன. இவற்றில் பெரும்பாலானவை தாமதமானவையே. இணைப்பு விமானத்துக்கு மாற்றும்போதுதான் பைகள் அதிகம் தவறுகின்றன.

வெளியேறும் முன் புகார்

விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன், பைகள் வழங்கும் பகுதியிலேயே உள்ள விமான நிறுவனத்தின் உடைமைகள் உதவி மையத்தில் 'பி.ஐ.ஆர்.' எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். பயணச்சீட்டுடன் ஒட்டித் தரப்பட்ட பையின் அடையாளச் சீட்டு இதற்கு அவசியம். பதிவுக்குப் பின் கிடைக்கும் எண்ணைக் கொண்டு, பை எங்கே இருக்கிறது என்பதை இணையத்தில் அறியலாம். பையின் நிறம், நிறுவனப் பெயர், உள்ளிருக்கும் பொருள்கள் ஆகியவற்றைத் துல்லியமாகக் குறிப்பிடுவது தேடலை விரைவுபடுத்தும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பயன்படுத்தாத வரிச்சலுகை அளவைக் குறிக்கும் சான்றை விமான நிறுவனத்திடம் பெற்று, சுங்க அதிகாரியின் ஒப்பத்தையும் வாங்கிக்கொள்வது நல்லது. பை பின்னர் வந்து சேரும்போது அது உதவும்.

எந்த முகவரியைத் தருவது?

மலையேற்றத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இதுதான். 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் சிகரத்தின் அடிவாரக் கிராமமான பாரிக்குப் பையை அனுப்பச் சொல்வதில் பயனில்லை. பை சென்றடையும்போது பயணி அங்கிருந்து கிளம்பியிருப்பார். செம்பூர், மாட்டுங்கா போன்ற பகுதிகளில் உறவினரோ நண்பரோ இருந்தால், அவர்களது முகவரியையும் கைபேசி எண்ணையும் தரலாம். தன் சார்பில் பையைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கும் கையொப்பமிட்ட கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் அவர்களிடம் கொடுத்துச் செல்ல வேண்டும்.

செலவுக்கு ரசீது

உடனடித் தேவைகளுக்கான இடைக்காலத் தொகை குறித்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விதி உண்டு. எவ்வளவு வழங்கப்படும் என்பதை உதவி மையத்திலேயே கேட்டு, பதிலை எழுத்துமூலம் பெறுவது பாதுகாப்பானது. தாராவியின் தோல் பொருள் கடைகளில் மாற்றுப் பை வாங்கினாலும், கூடாரத்தை வாடகைக்கு எடுத்தாலும், ரசீது இல்லாத செலவைத் திரும்பப் பெறுவது கடினம். வாடகைக்குக் கிடைக்கும் பொருளை வாடகைக்கே எடுத்தால், செலவு நியாயமானது என்று வாதிடுவது எளிது. மலையேற்ற முன்பதிவுச் சான்றையும் இணைத்தால், அப்பொருள்கள் ஏன் உடனே தேவைப்பட்டன என்பது விளங்கும்.

எவ்வளவு இழப்பீடு?

உள்நாட்டுப் பயணத்தில் உடைமை இழப்பு, தாமதம், சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பு வரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது ஏறக்குறைய 1.8 லட்சம் ரூபாய். இவை உச்சவரம்புகள் மட்டுமே. தானாகக் கிடைக்கும் தொகைகள் அல்ல. இழப்பைப் பயணி நிரூபிக்க வேண்டும். விலை உயர்ந்த பொருள்களை அனுப்புவோர், பையை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்து, கூடுதல் கட்டணம் செலுத்தி இவ்வரம்பை உயர்த்திக்கொள்ள வழியுண்டு.

மறக்கக் கூடாத கெடுக்கள்

'21 நாள்' என்பது இரண்டு வெவ்வேறு விதிகளில் வருவதால் குழப்பம் ஏற்படுகிறது. தாமதமாக வந்த பை கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கடந்தும் பை வராவிட்டால், அது தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம். சேதமடைந்த பைக்கான கெடு 7 நாள்கள். வழக்குத் தொடர 2 ஆண்டுகள் அவகாசம் உள்ளது. நிறுவனம் பதிலளிக்காவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

புறப்படும் முன்

மலையேற்றக் காலணியை அணிந்தபடியே விமானம் ஏறுவது எளிய முன்னெச்சரிக்கை. பழகாத புதுக் காலணியுடன் மலையேறுவது காலைப் புண்ணாக்கும் என்பதால், வேறு எதை இழந்தாலும் அதை இழக்கக் கூடாது. மருந்துகள், மழைச்சட்டை, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே அனுமதிக்கப்படும். ஊன்றுகோல் ஒப்படைக்கும் பையில் செல்ல வேண்டும். சமையல் எரிவாயுக் குப்பிக்கு இரண்டிலும் அனுமதி இல்லை. பையையும் உள்ளிருக்கும் பொருள்களையும் படம் எடுத்து வைப்பது, பின்னர் இழப்பை நிரூபிக்கச் சான்றாகும். இயன்றவரை மலையேற்றத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மும்பை வந்து சேர்ந்தால், அடுத்த விமானத்தில் வரும் பையைப் பெற்றுக்கொள்ள அவகாசம் இருக்கும்.