பிள்ளைகளின் கையில் பணம்

அநாதைகளின் செல்வத்தைப் பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அவர்கள் திருமணப் பருவத்தை அடையும் வரை அவர்களைச் சோதித்து வருமாறும், தெளிவு தென்பட்ட பின்னரே பொருளை ஒப்படைக்குமாறும் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. வயது வந்தால் மட்டும் போதாது. ‘ருஷ்து’ எனும் நிர்வாகத் தெளிவும் வேண்டும்.

அச்சோதனை எவ்வாறு? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் இதை விளக்குகிறார்கள். வணிகரின் மகனை விலை பேசச் செய்து பார்க்க வேண்டும். உழவரின் மகனை வேளாண்மையிலும் அதற்கான செலவிலும் பார்க்க வேண்டும். பருவ வயதுக்கு முன்பே, ஒருமுறைக்கு மேல் சோதிக்க வேண்டும். பேரம் பேசுவது பிள்ளை. வியாபாரத்தை முடிப்பது பொறுப்பாளர். நம் வீடுகளிலோ, கல்லூரிக்கு அனுப்பும் நாளில்தான் முதன்முறையாகப் பணத்தைக் கையில் கொடுக்கிறோம்!

கொடைக்கானல் மேல்மலையில், கேரள எல்லையை ஒட்டிய கிளாவரையில் பூண்டு முக்கியப் பயிர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் மிக்கது, நெடுநாள் கெடாதது என்பதால் அதற்கு விலை அதிகம். வெளிமாநிலப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்கிறார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. இதில் ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமல்லர், மலையில் உழைத்தவரும்தான். கிளாவரைப் பிள்ளைக்குத் தோட்டமே பாடம். சுற்றுலா செல்லும் நம் பிள்ளைக்கு? ஒரு கிலோ பூண்டு வாங்கும் பொறுப்பை அவனிடமே விட்டுப் பாருங்கள். எந்த ஊரில் விளைந்தது என்று கேட்கிறானா? ஒரு பல்லை உரித்து முகர்கிறானா? இரண்டு கடைகளில் விசாரிக்கிறானா? தராசில் முத்திரை உள்ளதா, பொருள் வைக்குமுன் சுழியம் காட்டுகிறதா என்று நோக்குகிறானா?

இது சந்தேகப் புத்தியன்று. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டார்கள் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸை, விற்பவருக்கான எச்சரிக்கையாகவே நாம் எடுத்துரைக்கிறோம். மேற்பரப்பைக் கண்டு திருப்தியடையாத அந்தக் கரத்தில் வாங்குபவருக்கும் பாடம் உண்டு. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒருவருக்கு, ஏமாற்று கூடாது என்று கூறிவிட்டே வாங்குமாறு நபியவர்கள் கற்றுத் தந்ததாக புகாரியில் காண்கிறோம்.

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு ‘கியாருல் ஐப்’ என்கிறது. நாட்டின் சட்டத்திலும் இதற்கு வழியுண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது ரசீது. அதைக் கேட்டு வாங்கி, வீடு வந்ததும் உங்களிடம் கணக்கோடு ஒப்படைக்கிறானா என்பதையும் அந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.