ஐந்து வயதில் எதற்குக் கறுப்பு அங்கி?

மார்ச் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் பல தனியார் பள்ளிகளில் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் போய்விடுகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு ஒத்திகை. யாருக்குப் பின்னால் யார் நடப்பது, சான்றிதழை வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பி கேமராவைப் பார்ப்பது என்று நாள்கணக்கில் பழக்குகிறார்கள். விழாவன்று பாலியெஸ்டர் கவுனும் நழுவும் சதுரத் தொப்பியுமாகக் குழந்தைகள் வியர்த்து நிற்க, சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே இருப்பார். கவுன் வாடகை, போட்டோ என்று தனிக் கட்டணம் வாங்கும் பள்ளிகளும் உண்டு.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு தாய், மகளை அந்த அங்கியில் பார்த்துக் கண்கலங்கினால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. குழந்தைக்கும் இது பெரிய மாற்றம்தான். பழகிய மிஸ், கைப்பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போன ஆயாம்மா, பொம்மைகள் கிடந்த வகுப்பறை, எல்லாவற்றையும் விட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது. நல்லபடியாக வழியனுப்பத்தான் வேண்டும்.

ஜெர்மானியர்கள் இதைச் செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். 1840இல் ஃபிரெடரிக் ஃபுரோபெல் தன் மழலையர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் சூட்டிய நாடு அது. அங்கே ஒன்றாம் வகுப்பில் சேரும் நாளில் பெற்றோர் குழந்தையின் கையில் பெரிய காகிதக் கூம்பு ஒன்றைக் கொடுக்கிறார்கள். உள்ளே மிட்டாய், பென்சில், சின்னச் சின்னப் பொம்மைகள். விஜயதசமியன்று பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் 'அ' எழுதவைக்கும் நமக்கு இந்த மனசு புரியாததல்ல. இரண்டிலும் குழந்தையின் கையில் ஏதோ ஒன்று கிடைக்கிறது, பக்கத்தில் வீட்டார் இருக்கிறார்கள்.

அங்கியைப் பெரியவர்களே கழற்றிவைக்கத் தொடங்கிவிட்டார்கள். கறுப்பு அங்கியும் தொப்பியும் காலனிய மரபு, அவற்றுக்குப் பதில் அந்தந்த மாநிலத்து உடையை அணியுங்கள் என்று 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் எய்ம்ஸ் உள்ளிட்ட தன் கல்வி நிறுவனங்களுக்கு எழுதியது. டாக்டர் பட்டம் வாங்குபவருக்கே வேண்டாத உடை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு?

பள்ளி நிர்வாகிகளே, இந்த ஆண்டாவது கவுனையும் தனிக் கட்டணத்தையும் விட்டுவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் பாடட்டும், அவர்கள் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டுங்கள். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் ஆயாம்மாவை உட்காரவைத்து, அவர் கையால் ஆளுக்கொரு கதைப்புத்தகம் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லோரையும் விளையாட விடுங்கள்.