பராமரிப்போடு வாடகைக்கு வரும் தரவுத்தளம்

தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான மதிப்புகளால் ஒன்றோடொன்று இணைத்து வைப்பது தொடர்புசார் தரவுத்தளம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் இதன் அடிப்படையை வகுத்தார். விடுப்பு விண்ணப்பம், கிடங்கு இருப்பு, கொள்முதல், சம்பளம் என அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் செயலிகளில் பெரும்பாலானவை இன்றும் இதை நம்பியே இருக்கின்றன. பயன்படுத்துவோர் சிலரே என்றாலும், சம்பள நாளன்று இது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

முன்பு இதற்கான சர்வர் அலுவலகத்தின் ஓர் அறையிலேயே இருக்கும். அதைக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பைக் கிளவுட் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. அமேசானின் ஆர்டிஎஸ் சேவை 2009இல் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுடன் தொடங்கியது. போஸ்ட்கிரஸ் போன்றவை பின்னர் சேர்ந்தன. வாடிக்கையாளர் நினைவகத்தையும் சேமிப்பிடத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும், இணைவதற்கு ஒரு முகவரி கிடைத்துவிடும். இயங்குதளத்துக்குள் நுழைய மட்டும் அனுமதி இல்லை. மென்பொருள் திருத்தங்களை, வாடிக்கையாளர் குறித்துக் கொடுத்த வாராந்திர நேரத்தில் நிறுவனமே போட்டுவிடும்.

இந்தச் சேவையில் கிடைக்கும் மாற்று இயந்திரம், காப்புப் பிரதி ஆகிய இரண்டையும் பலர் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். மாற்று இயந்திரம் வேறொரு தரவு மையத்தில் இருக்கும். ஒவ்வொரு பதிவும் இரண்டிலும் ஒருசேர எழுதப்படும். முதல் இயந்திரம் பழுதானால் வழக்கமாக ஓரிரு நிமிடங்களில் இது பொறுப்பேற்கும், முகவரி மாறாது. ஆனால் எந்த ஊழியருக்கு என்ற நிபந்தனையை விட்டுவிட்டு எல்லோருடைய சம்பளத்தையும் ஒருவர் திருத்திவிட்டால், அந்தத் தவறும் அதே நொடியில் இரண்டிலும் ஏறிவிடும். அப்போது கைகொடுப்பது காப்புப் பிரதிதான். தினசரி நகலோடு, நடந்த மாற்றங்களின் பதிவேடும் ஐந்து நிமிடத்துக்கொரு முறை சேமிக்கப்படுவதால், தவறுக்கு முந்தைய நொடிக்கே திரும்ப முடியும். பழைய தரவுத்தளத்தின்மேல் எழுதாமல் புதிதாக ஒன்று உருவாகும்; அதிலிருந்து வேண்டிய வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரதிகளை 35 நாள்வரை வைத்திருக்கலாம். ஒரு மாதச் சம்பளப் பிழை அடுத்த மாதச் சம்பளத்தின்போதுதான் வெளிப்படலாம் என்பதால், ஏழு நாள் மட்டும் வைத்திருந்தால் போதவே போதாது. முழு 35 நாளையும் கேட்டு வாங்குவதும், ஒருமுறையாவது மீட்டுப் பார்த்துவிடுவதும் அவசியம்.

உள் அலுவலகத் தரவுத்தளத்துக்குப் பொது இணைய முகவரி தேவையே இல்லை. செயலி இயங்கும் சர்வருக்கு மட்டும் வழி திறந்தால் போதும். அறிக்கை எடுப்பவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் தர வேண்டும். அட்டவணை அமைப்பும் மெதுவாக ஓடும் வினவல்களைச் சீர்செய்வதும் என்றும் வாடிக்கையாளரின் வேலைதான்.

யாரும் பயன்படுத்தாத இரவிலும் கட்டணம் ஓடும். தரவுத்தளத்தை நிறுத்தி வைத்தால் சேமிப்பிடத்துக்கும் காப்புப் பிரதிகளுக்கும் மட்டுமே செலவு. ஆனால் ஏழு நாளுக்குப் பின் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும்.