குடியுரிமையும் கடவுச்சீட்டும்



சிவகாசியில் ஓர் அச்சகத்தின் வாயிலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அடுத்த ஆண்டுக்குரிய நாட்காட்டிகள் கட்டுக்கட்டாக லாரியில் ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து தீப்பெட்டிப் பண்டல்கள் தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிப் புறப்படும். கடல் கடந்து செல்லும் பெட்டி ஒவ்வொன்றின் மீதும், அது எந்நாட்டில் செய்யப்பட்டது என்பது ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். பெட்டிக்கு அந்த ஒரு வரியே போதும்.

மனிதருக்கு அது போதாது. அவர் எங்கே பிறந்தார் என்பது ஒரு வினா. எந்நாட்டின் குடிமகன் என்பது இரண்டாவது வினா. எந்நாட்டில் வாழ இசைவு பெற்றிருக்கிறார் என்பது மூன்றாவது வினா. இம்மூன்றுக்கும் ஒரே விடையைத் தரும் பேறு பெற்றோர், இவ்வினாக்கள் உள்ளன என்பதையே அறியாது வாழ்ந்துவிடுகின்றனர். விருதுநகர் வட்டாரத்தாருக்கோ அப்பேறு எல்லாக் காலத்திலும் வாய்த்ததில்லை. நம் முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றனர். இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். நாளை உங்களுள் சிலரும் செல்வீர்கள். ஆதலின் குடியுரிமை, கடவுச்சீட்டு, நிரந்தர வசிப்புரிமை என்னும் மூன்று சொற்களையும் இன்று தெளிவாக்கிக்கொள்வோம்.

நெடுநாள் பள்ளியிலேயே காலங்கழித்தவன் ஆகையால், பள்ளிக்கூடத்து உவமை ஒன்றையே சொல்லுகிறேன். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதே, அதைப் போன்றது குடியுரிமை. நீங்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் அடையாள அட்டையைப் போன்றது கடவுச்சீட்டு. வேறொரு பள்ளியின் விடுதியில் தங்கிக்கொள்ள அப்பள்ளியார் தரும் இசைவைப் போன்றது நிரந்தர வசிப்புரிமை. அடையாள அட்டை தொலைந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிடாது. புதிய அட்டை பெறலாம். விடுதியில் எத்தனை ஆண்டு தங்கினாலும், நீங்கள் அப்பள்ளியின் மாணவர் ஆகிவிடுவதில்லை.

ஒரே மாணவன் இரண்டு பள்ளிகளின் பதிவேட்டில் இருக்கலாமா? நம் பள்ளிகளில் அது கூடாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் மறுபள்ளியில் சேரவேண்டும். இந்தியாவின் குடியுரிமைச் சட்டமும் இவ்வாறே விதிக்கிறது. நம் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பிலும், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இக்கொள்கை காணப்படுகிறது. இந்தியர் ஒருவர் தம் விருப்பத்தால் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அக்கணமே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். அதற்குத் தனி ஆணை எதுவும் வேண்டுவதில்லை. தம்மிடமுள்ள இந்தியக் கடவுச்சீட்டை அவர் ஒப்படைத்துவிடவேண்டும். அதன் பின்னரும் அதைக் காட்டிப் பயணம் செய்வது குற்றமாகும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. ஜப்பானின் 1950ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் இதையே கூறுகிறது. தமிழ்க் குடும்பத்தில் 1910இல் பிறந்த வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். ஜப்பானில் 1921இல் பிறந்த இயற்பியல் அறிஞர் யோயிச்சிரோ நம்பு 1970இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இவர்களை இந்தியர் என்றும் ஜப்பானியர் என்றும் கூறி அவ்விரு நாட்டு மக்களும் பெருமை கொண்டனர். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆயினும் சட்டத்தின் பதிவேட்டில் இருவருமே அமெரிக்கர். உள்ளத்தின் உறவு வேறு. சட்டத்தின் உறவு வேறு.

இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் நாடுகளும் உலகில் உள. பிரிட்டன் ஏற்கிறது, இலங்கையும் 1987 முதல் சில நிபந்தனைகளோடு ஏற்கிறது. இந்தியா ஏற்கவில்லை; ஆனால் இடைவழி ஒன்றை 2005இல் திறந்துவிட்டது. ஓ.சி.ஐ. அட்டை என வழங்கும் அதனைப் பெற்றவர், விசா இன்றி வாழ்நாள் முழுவதும் இந்தியாவுக்கு வந்துபோகலாம். எனினும் அவருக்கு வாக்குரிமை இல்லை. தேர்தலில் நிற்க இயலாது. விளைநிலம் விலைக்கு வாங்கவும் இயலாது. அட்டையின் பெயரில் குடியுரிமை என்னும் சொல் இருப்பதால் அதனை முழுக் குடியுரிமை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது குடியுரிமை அன்று.

இனி நிரந்தர வசிப்புரிமைக்கு வருவோம். சிவகாசியைச் சேர்ந்த ஓர் அச்சுத் தொழிலாளர் சிங்கப்பூரில் வேலை செய்து, அங்கே நிரந்தர வசிப்புரிமை பெறுகிறார் எனக் கொள்வோம். அவர் இன்னும் இந்தியக் குடிமகனே. அவர் கையில் இருக்கவேண்டியது இந்தியக் கடவுச்சீட்டே. அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்று வாழும் ஜப்பானியரின் நிலையும் இதுதான். அவர் ஜப்பானியக் கடவுச்சீட்டைத்தான் காலந்தவறாமல் புதுப்பித்து வரவேண்டும். நிரந்தரம் என்னும் சொல்லையும் முழுதும் நம்பிவிடலாகாது. உரிய முன்னிசைவு இன்றி நெடுங்காலம் வெளியே தங்கிவிட்டால் அவ்வுரிமை பறிபோகக்கூடும். உரிமையோடு கடமையும் வருவதுண்டு. சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தர வசிப்புரிமை பெறும் ஆண்பிள்ளைகள், உரிய வயதில் அந்நாட்டின் தேசியச் சேவையில் சேர்ந்தாகவேண்டும்.

கடவுச்சீட்டைப் பற்றிச் சில செய்திகள். வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித உரிமையின் ஒரு கூறு என்று நம் உச்சநீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வயது வந்தோரின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகள் செல்லும். சிறுவரின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகள், அல்லது 18 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். புதுப்பித்தல் என்று நாம் சொன்னாலும், உண்மையில் பழைய நூலை நீக்கிவிட்டுப் புதிய நூலையே வழங்குகின்றனர். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே விண்ணப்பிக்கலாம். பல நாடுகள், குறைந்தது 6 மாதச் செல்லுபடி உள்ள கடவுச்சீட்டையே ஏற்கின்றன. ஆதலின் கடைசி நாள் வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. விருதுநகர் மாவட்டத்தார்க்கு மதுரையிலுள்ள மண்டல அலுவலகமும், வெளிநாட்டில் இருப்போர்க்கு ஆங்குள்ள இந்தியத் தூதரகமும் இப்பணியைச் செய்கின்றன.

வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் அதிகக் கருத்து வேண்டும். இந்தியப் பெற்றோர்க்கு அங்கே பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யவேண்டும் என்பது இன்றைய விதி. காலங்கடந்தால் மத்திய அரசின் தனி இசைவு தேவைப்படும். ஜப்பானில் இவ்விதி இன்னும் கடுமையானது. பிறப்பினாலேயே வேறொரு குடியுரிமையும் பெறும் குழந்தைக்கு, ஜப்பானியக் குடியுரிமையைக் காத்துக்கொள்வதாக 3 மாதங்களுக்குள் தெரிவிக்கவேண்டும். தவறினால் பிறந்த நாள் முதலே அது நீங்கிவிடும். ஒரு படிவம் எழுதாத சோம்பல், பேசத் தெரியாத குழந்தையின் எதிர்காலத்தையே மாற்றிவிடுகிறது.

இத்தனையும் வெறும் காகித விவகாரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு வரலாறு தரும் விடை நம் ஊருக்கு மிக அண்மையில் இருக்கிறது. இலங்கை மலையகத்தின் காப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்கச் சென்றவருள், பழைய இராமநாதபுரம் மாவட்டத்தார் பலர். 1985 வரை நம் விருதுநகரும் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. சென்றவர்கள் ஆங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து, நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களையும் அனுப்பினர். இலங்கை விடுதலை பெற்றபின், 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தாம் இலங்கையில் பிறந்ததோடு தம் தந்தையும் அங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று காட்டவேண்டும் என்றது அது. தோட்டத்து லயத்தில் பிறந்த தந்தைக்கு எந்த ஏட்டில் சான்று இருக்கும்? இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் எந்நாட்டுக்கும் உரியரல்லாதார் ஆயினர். பிரஜாவுரிமை என்னும் சொல் அன்று முதல் மலையக வீடுகளில் கண்ணீரோடு பேசப்படும் சொல்லாயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாடு செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. இப்பங்கீட்டில் அந்த மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றோர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியே பல ஊர்களுக்கும் பிரிந்து சென்றனர். அங்கேயே தங்கி, எவ்வுரிமையும் இன்றி எஞ்சியவருக்கு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் இலங்கை குடியுரிமை வழங்கிற்று. 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள்! ஒரு மனிதனின் உழைக்கும் காலம் முழுவதும் அதனுள் அடங்கிவிடும்.

அவ்வாறு கப்பலேறி வந்த குடும்பம் ஒன்று எங்கள் ஊருக்கும் வந்தது. ஆண்டு 1982. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. சேர்க்கைப் பதிவேடு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தந்தை தம் மகனை முதல் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னேன், பையன் தொட்டான். ஐந்து வயது நிறைந்திருக்குமாறு ஒரு மே மாதத் தேதியை நானே கணக்கிட்டு எழுதினேன். அந்தத் தந்தையின் தகரப்பெட்டியில் பையனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பையன் என்னைத் தேடி வந்தான். அச்சுத் தொழில் நன்கு கற்றிருந்தான். வளைகுடா நாட்டில் ஒரு வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, பிறப்புச் சான்றிதழில் வேறொரு தேதி. விசாரணையும் திருத்தமும் முடிந்து கடவுச்சீட்டு வருவதற்குள், வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. “ஐயா, எழுதினது யாருன்னு தெரியல” என்று அவன் சொன்னான். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கையெழுத்து என்னுடையது. அதை அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் மேசை மீதிருந்த காகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டான். ஆண்டுதோறும் இந்தியா முழுமைக்கும் தேதி அச்சிட்டுத் தரும் ஊருக்கு அருகே இருந்துகொண்டு, ஒரு சிறுவனின் ஒரே ஒரு தேதியை நான் பிழையாக எழுதினேன்.

இன்று இத்தகைய பிழைக்கு இடம் குறைந்துவருகிறது. 2023 அக்டோபர் 1ஆம் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் கடவுச்சீட்டு பெறுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த நாளுக்குரிய சான்றாகும். ஆனால் உங்களுள் பலர் அந்நாளுக்கு முன் பிறந்தவர்கள். ஆகவே ஒரு வேலை தருகிறேன். இதை வீட்டுப்பாடமாகக் கொள்ளுங்கள். இன்று மாலை உங்கள் பிறப்புச் சான்றிதழையும், பள்ளிச் சான்றிதழையும், ஆதார் அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்துக்கள் ஒன்றாக இருக்கின்றனவா? தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும், மற்றோரிடத்தில் முழுப்பெயராகவும் இருக்கிறதா? பிறந்த தேதி பொருந்துகிறதா? வேறுபாடு கண்டால் இப்போதே தலைமையாசிரியரிடம் சென்று சொல்லுங்கள். தயங்கவேண்டாம். பிழை உங்களுடையது அன்று. அதைத் திருத்தித் தருவது எழுதியவர்களின் கடமை.

என்னிடம் வந்த அந்த மாணவன் பின்னர் வேறொரு வேலை பெற்று வெளிநாடு சென்றான். இப்பொழுது சொந்த ஊருக்குத் திரும்பி, சிறிய அச்சகம் ஒன்று வைத்திருக்கிறான். தன் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, பிறப்புச் சான்றிதழின் மூன்று படிகளை அவன் கையோடு எடுத்துச் சென்றானாம்.