பழைய வீணை வாங்கப் போறீங்களா?

புது வீணை வாங்க வசதியில்லாததால், என் மகளுக்காக சேலத்தில் பழைய வீணை ஒன்றைப் பார்க்கப் போனேன். பாலிஷ் பளபளத்தது. கூட வந்த பாட்டு டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பலா மரக் குடத்தைத் தட்டி விரிசல், பூச்சி அரிப்பு உண்டா என்று பார்த்தார். பிரடைகளை முறுக்கி, தந்தி தளராமல் நிற்கிறதா என்று சோதித்தார். 24 மெட்டுகளிலும் மீட்டினார். இரண்டில் சுருதி பிசகியது.

"மெட்டு மெழுகுலதான் நிக்குது. நம்ம ஊர் வெயில்ல இளகினா நகர்ந்துடும். மேளம் கட்டி சரி பண்ணிக்கலாம். குடம் வெடிச்சிருந்தாதான் வேண்டாம்" என்றார். அந்தக் கூலியைக் கழித்தே விலை பேசினோம்.

சகோதரிகளே, விவரம் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். சுருதி தப்பிய வீணையில் பழகினால் குழந்தையின் காதும் அதற்கே பழகிவிடும்!

- ஒரு வாசகி, ராசிபுரம்